பட்டியலில் இல்லாத பருப்பு: பில்ட் சார்புகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சனிக்கிழமைகளில், மலேசியாவின் பாடாங் செராயில் கோயில் மண்டபத்துப் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே படித்து, இப்போது பினாங்குப் பக்கம் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். "அக்கா, என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. ஆபீஸ் சர்வர்ல பில்ட் நின்னுபோகுது. டிபெண்டன்சி பிரச்சினை, எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப டவுன்லோட் பண்ணுன்னு சொல்றாங்க. மூணு தடவை பண்ணிட்டேன்" என்றான். சரியாகத் தூங்காத முகம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மாடு பால் தராவிட்டாலும் காத்து கருப்பு என்று முடித்துவிடுவார்களே, அதேபோல மென்பொருள் வேலையில் எது நின்றாலும் டிபெண்டன்சி என்று சொல்லி, அழித்துவிட்டு மறுபடி இறக்கு என்று மந்திரித்து அனுப்பிவிடுகிறார்கள். இணையத்திலிருந்து இறக்குகிற சாமான்கள்தான் டிபெண்டன்சி, அவற்றைச் சரியாக இறக்கி வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இறக்குவதை மெஷின் பார்த்துக்கொள்ளும். எது எதை நம்பி நிற்கிறது என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவைப்பதுதான் மனிதர் செய்யவேண்டிய வேலை, பெரும்பாலான கோளாறு அங்கேதான் பிறக்கிறது.

## முதலில் மரம், அப்புறம் மங்கு

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், தன் நிரையில் மரம் மரமாக வெட்டி, பால் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேரும்வரை காத்திருந்து, வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவார். அங்கே ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். மரத்தை வெட்டாமல் மங்கில் பால் சேராது, பால் உறையாமல் ஷீட் உருட்ட முடியாது. இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடவில்லை, எது எதற்கு முன்பு தேவையோ அதிலிருந்து தானாக வந்தது.

மென்பொருளிலும் இப்படித்தான். நாம் எழுதிய மூல நிரலைக் கணினியில் ஓடக்கூடிய பொருளாக மாற்றும் முழு வேலைக்குப் பெயர் பில்ட். அந்த வேலையின் ஒரு படி முடிய, முன்பே தயாராக இருக்கவேண்டிய இன்னொன்றுக்குப் பெயர் சார்பு. ஆபீசில் டிபெண்டன்சி என்பார்கள். அது நீங்களே எழுதிய இன்னொரு கோப்பாக இருக்கலாம், வேறொருவர் எழுதி எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாக இருக்கலாம் (அதைத்தான் லைப்ரரி என்கிறோம்), பில்ட் செய்யும் கருவியாகவேகூட இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டியின் நிரைக்கும் பக்கத்து நிரைக்கும் எந்தச் சார்பும் இல்லை, அதனால் இருவரும் ஒரே நேரத்தில் வெட்டலாம், ஸ்டோரில்தான் எல்லாப் பாலும் ஒன்றுசேரும். பில்ட் கருவியும் சார்புகளைப் படித்துவிட்டு, ஒன்றையொன்று நம்பாத படிகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள திட்டத்தில் இது இல்லாவிட்டால் நாள் முழுக்கக் காத்துக்கிடக்க வேண்டும்.

சில நேரம் அ என்பது ஆ-வை நம்பும், ஆ திரும்ப அ-வையே நம்பும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இதை வட்டச் சார்பு என்பார்கள். இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மூன்றாவதாக வைத்து, இரண்டும் அதை நம்பும்படி செய்தால் பெரும்பாலும் வட்டம் உடைந்துவிடும்.

இதுவரை வந்தது: பில்ட் என்பது பல படிகள். எது எதற்கு முன்பு தேவை என்பது சார்பு. அதை எழுதிக்கொடுத்தால் வரிசையைக் கருவி கண்டுபிடித்துக்கொள்ளும்.

## 1976-இல் வீணாய்ப்போன ஒரு காலைப்பொழுது

இந்த வேலைக்கென்று எழுதப்பட்ட கருவிகளில் மிகப் புகழ்பெற்றது மேக். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அவருடைய சக ஊழியர் ஒருவர் ஒரு காலை முழுக்கத் தன் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தார். பிழையை அவர் ஏற்கனவே திருத்தியாயிற்று. ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய விட்டுப்போனது. கம்பைல் என்றால் மனிதர் எழுதியதைக் கணினியின் மொழிக்கு மாற்றுவது. ஆக, ஓடிக்கொண்டிருந்தது பழையது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது புதியது. ஃபெல்ட்மனும் அதற்கு முந்தின நாள் இதே மாதிரித் தொல்லையில் நேரத்தைத் தொலைத்திருந்தார். அதிலிருந்துதான் மேக் பிறந்தது.

மேக்கின் யோசனை ரொம்ப எளியது. ஒவ்வொரு பொருளும் எவற்றிலிருந்து செய்யப்படுகிறது என்று ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். செய்த பொருள் கடைசியாக மாறிய நேரத்தையும் மூலப்பொருள் கடைசியாக மாறிய நேரத்தையும் மேக் ஒப்பிடும். மூலம் புதிதாக இருந்தால் மறுபடி செய்யும், இல்லாவிட்டால் தொடாது. ரசத்தில் உப்புக் குறைந்தால் ரசத்தை மட்டும் சரிசெய்கிறோம், சோற்றை மறுபடி வடிப்பதில்லையே, அதுபோல.

இங்கே ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொடுத்த சார்புகளை மட்டும்தான் மேக் பார்க்கும். எழுதாமல் விட்டது அதற்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் சொல்லாது. பழைய பொருளையே நல்ல பொருள் என்று நினைத்து வைத்துக்கொள்ளும்.

## பெரியம்மா ஊறவைத்த கடலைப்பருப்பு

எங்கள் கோயில் திருவிழாவில் 500 பேருக்குச் சாப்பாடு. சமையலுக்கு என்னென்ன வேண்டும், யார் எதைச் செய்வது என்று ஸ்டோர் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பல வருடமாக அதே பட்டியல்தான், பல வருடமாக வடை நன்றாகவே வந்தது. ஒரு வருடம் சமையலுக்கு வந்தவர் கடலைப்பருப்பு எங்கே என்று கேட்க, ஒரு பிள்ளை மூட்டையைக் காட்டினான். காய்ந்த பருப்பு. வடை போடும் நேரம் நெருங்கிவிட்டது. அதை ஊறவைக்கவேண்டும் என்பது பட்டியலில் எந்த வரியிலும் இல்லை. எங்கள் பெரியம்மா ஒருவர் ஒவ்வொரு வருடமும் முந்தின ராத்திரியே, யாரும் சொல்லாமல், யாரிடமும் சொல்லாமல் ஊறவைத்துவிட்டுப் போவார். அந்த வருடம் அவர் மகள் வீட்டுக்கு ஈப்போ போயிருந்தார்.

தம்பியின் பிரச்சினையும் அச்சு அசலாக இதுதான். அவன் திட்டத்தில் படங்களைச் சிறிதாக்கும் ஒரு குட்டிப் பைத்தான் நிரல் பில்டின் நடுவில் ஓடுகிறது. அதற்குப் பில்லோ என்ற லைப்ரரி தேவை. ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சிக்காக அதை அவன் மடிக்கணினியில் பொதுவாக (எந்தத் திட்டத்துக்கும் தனியாக இல்லாமல்) நிறுவியிருந்தான், அப்புறம் மறந்தே போனான். திட்டத்தின் தேவைப் பட்டியலில் பில்லோ இல்லை. அவன் மடிக்கணினியில் 'பெரியம்மா' இருந்தார், ஆபீஸ் சர்வரில் இல்லை. அவ்வளவுதான்.

அழித்துவிட்டுத் திரும்ப இறக்கியது ஏன் உதவவில்லை என்று இப்போது தெரியும். அவன் அழித்தது திட்டத்தின் கோப்புறையை. மடிக்கணினியில் பொதுவாக இருந்த பில்லோவை அவன் தொடவில்லை, அதனால் அங்கே எப்போதும் ஓடியது. சர்வர் ஒவ்வொரு தடவையும் பட்டியலில் இருந்ததை ஒழுங்காக இறக்கியது; பட்டியலே குறையுள்ளது என்றால் நூறு தடவை இறக்கினாலும் குறை குறைதான். சர்வரின் பதிவில் நூற்றுக்கணக்கான வரிகளுக்குக் கீழே காரணம் தெளிவாக இருந்தது: 'பிஐஎல் என்ற மாட்யூல் இல்லை'. நிறுவும்போது அதன் பெயர் பில்லோ, நிரலுக்குள் அழைக்கும்போது பிஐஎல். பெயர் மாறியிருந்ததால் கண்ணில் பட்டும் அவனுக்குப் புரியவில்லை. இப்படி இரண்டு பெயரோடு திரியும் லைப்ரரிகள் பைத்தானில் இன்னும் உண்டு, புதியவர்கள் இதில் கட்டாயம் ஒரு தடவையாவது தடுக்கி விழுவார்கள்.

சொல்லாமல் விட்ட சார்பு இன்னும் இரண்டு வேடத்தில் வரும், இரண்டும் இதைவிடக் கொடியவை.

ஒன்று, சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. இரண்டு படிகள் இருக்கின்றன, இரண்டாவது முதலாவதை நம்புகிறது, ஆனால் யாரும் அதை எழுதவில்லை. ஒவ்வொன்றாக ஓட்டும்போது தற்செயலாக முதலாவது முந்திக்கொள்ளும், எல்லாம் நன்றாக நடக்கும். வேகமாக முடியட்டும் என்று எட்டுப் படிகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொன்னதும், எது முந்தும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். காலையில் பச்சை (முடிந்தது), மதியம் சிவப்பு (நின்றது), யாரும் ஒரு வரி மாற்றவில்லை. இந்த மாதிரிப் பில்டை 'திரும்ப ஓட்டிப் பார், சரியாகிவிடும்' என்று கடந்துபோவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அது சரியாகவில்லை, ஒளிந்துகொண்டது.

மற்றொன்று இரவல். நீங்கள் ஒரு லைப்ரரியைக் கேட்கிறீர்கள், அது தன் தேவைக்கு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அப்படி வந்ததை மறைமுகச் சார்பு என்பார்கள். வீட்டில் இருக்கிறதே என்று அதை நீங்களும் நேரடியாகப் பயன்படுத்தத் தொடங்குகிறீர்கள், பட்டியலில் எழுதாமலே. அடுத்த பதிப்பில் முதல் லைப்ரரி அதைக் கைவிட்டுவிட்டால், நீங்கள் நடுத்தெருவில். நேரடியாகத் தொடுகிற எதையும் நேரடியாக எழுதிவிட வேண்டும், அது வேறு வழியில் ஏற்கனவே வந்திருந்தாலும் சரி.

சுருக்கமாக: 'என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது' என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் எழுதப்படாத ஒரு சார்பு நிற்கிறது. பட்டியலைத் திருத்தினால்தான் அது தீரும்.

## எந்தப் பதிப்பு?

பெயரை எழுதினால் மட்டும் போதாது. அண்ணனின் பழைய பாடநூலோடு தம்பி பள்ளிக்குப் போகிறான் என்று வையுங்கள். நூலின் பெயர் அதேதான், ஆனால் பாடத்திட்டம் திருத்தப்பட்டிருப்பதால் 42-ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் ஆசிரியருக்கு ஒன்று, அவனுக்கு வேறொன்று.

லைப்ரரிகளின் பதிப்பை வழக்கமாக மூன்று எண்ணாக எழுதுவார்கள், 4.2.7 என்பதுபோல. கடைசி எண் மட்டும் ஏறினால் பிழைதிருத்தம். நடு எண் ஏறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது, பழையதும் ஓடும். முதல் எண் ஏறினால் பழைய பழக்கம் உடையலாம், பார்த்து வாருங்கள் என்று பொருள். இது எழுதியவர் கொடுக்கும் வாக்கு. சட்டமில்லை, எண்ணைத் தப்பாக ஏற்றுகிறவர்களும் உண்டு.

பெரிய திட்டத்தில் வரும் நிஜமான தலைவலி இதற்கு அடுத்தது. உங்கள் நிரல் 'அ' என்ற லைப்ரரியையும் 'ஆ' என்ற லைப்ரரியையும் நம்புகிறது. இரண்டும் 'இ' என்ற ஒன்றையே நம்புகின்றன, ஆனால் 'அ'-வுக்கு அதன் பதிப்பு 1 வேண்டும், 'ஆ'-வுக்குப் பதிப்பு 2. படம் வரைந்தால் வைர வடிவில் வருவதால் வைரச் சார்பு என்பார்கள். சமையல்கட்டில் ஒரே கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்கிறது; வீட்டு அடுப்புக்குக் குறைந்த அழுத்த ரெகுலேட்டர் வேண்டும், பெரிய குவாலிக்கு (வாணலிக்கு) உயர் அழுத்த ரெகுலேட்டர் வேண்டும், ஒரு தோம்பில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாட்டமுடியும். ஒன்று, இன்னொரு தோம்பு வாங்குங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கருவிகளும் இந்த இரண்டு வழியில்தான் போகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் இரண்டு பதிப்பையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், இடம் அதிகம் பிடிக்கும். ஜாவா உலகின் மேவன் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும், சார்பு மரத்தில் உங்கள் திட்டத்துக்கு எது கிட்டே இருக்கிறதோ அது. கிட்டே இருப்பது பழைய பதிப்பாக இருந்தாலும் அதுதான்! பில்ட் நல்லபடியாக முடிந்து, ஓடும்போது மட்டும் 'அப்படி ஒரு செயல்பாடே இல்லை' என்று விழுந்தால், முதலில் இங்கே பாருங்கள்.

## லெட்சுமி என்ற பெயரில் ஐந்து பேர்

பட்டியலில் '4.2 அல்லது அதற்கு மேல்' என்று எழுதினால், இன்று இறக்குகிறவருக்கு ஒன்றும் அடுத்த மாதம் இறக்குகிறவருக்கு வேறொன்றும் வரும். இதைத் தடுக்கத்தான் லாக் கோப்பு: நேரடியாகவும் மறைமுகமாகவும் வந்த எல்லா லைப்ரரியின் துல்லியமான பதிப்பையும் பூட்டிவைக்கும் ஒரு பதிவு. இதையும் மூல நிரலோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும். இது கருவி தானாக எழுதுவதுதானே என்று பலர் சேமிக்காமல் விடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

லாக் கோப்பில் பதிப்புக்குப் பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு நீண்ட எழுத்துக் கோவை இருக்கும். அது ஹேஷ்: ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். தோட்டத்தில் லெட்சுமி என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் மைகார்டு அடையாள அட்டையில் இருக்கும் பெருவிரல் ரேகை ஒருவருக்குத்தான் பொருந்தும். அதேபோலப் பெயரும் பதிப்பும் ஒன்றாக இருந்தும் உள்ளே சரக்கு வேறாக இருந்தால் ஹேஷ் காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் அளவுக்கு மீறிய ஜாக்கிரதையோ என்று தோன்றினால், நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

2016 மார்ச்சில், என்பிஎம் பொதுக் கிடங்கிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற குட்டி லைப்ரரியை அதை எழுதியவர் எடுத்துவிட்டார். வெறும் 11 வரி, எழுத்துக் கோவையின் இடப்பக்கம் இட்டு நிரப்புவதுதான் வேலை. உலகம் முழுக்க ஏராளமான பில்டுகள் நின்றுபோயின. அந்தப் பில்டுகளை ஓட்டியவர்களில் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை. யாரோ நம்பிய யாரோ நம்பியது அது.

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே என்ற லைப்ரரியில் படுமோசமான ஓட்டை வெளிவந்தது. திருத்திய பதிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் 'நம்மிடம் அது இருக்கிறதா, எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்கே பல நிறுவனங்களால் உடனே பதில் சொல்லமுடியவில்லை. அது மறைமுகச் சார்பாக எங்கெங்கோ உள்ளே உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது என்னை உலுக்கியது. 2024 மார்ச்சில், ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் கருவி) வழியாக உள்ளே நுழைவது அரை வினாடி அதிகம் பிடிப்பதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விடாமல் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் சேவையகம் எக்ஸ்இசட்டை நேரடியாக நம்புவதே இல்லை. சில லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளில் மட்டும் இடையில் இன்னொரு லைப்ரரி சேர்க்கப்பட்டிருந்தது, அது எக்ஸ்இசட்டின் லைப்ரரியைக் கூட்டிவந்தது. அந்தக் கள்ளக் கதவை எழுப்பும் பில்ட் வரியோ, எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய பொட்டலத்துக்குள் மட்டும் இருந்தது. ஹேஷ் இந்த இடத்தில் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொட்டலம் வழியில் மாறவில்லை, கட்டும்போதே கெட்டிருந்தது.

இதுவரை: பெயர், பதிப்பு, கைரேகை மூன்றும் சேர்ந்தால்தான் எதை நம்புகிறோம் என்று சொன்னதாகும். அப்போதும், அதைக் கட்டியவரை நம்பலாமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

## பெரிய திட்டங்கள் எப்படிச் சமாளிக்கின்றன

ஆள் அதிகமானால் 'எல்லோரும் மறக்காமல் எழுதுங்கள்' என்று கெஞ்சுவதால் பயனில்லை. எழுதாதது வேலை செய்யக்கூடாது, அதுதான் வழி. கூகுள் தனக்குள் பயன்படுத்திவந்த கருவியை 2015-இல் பேசல் என்ற பெயரில் பொதுவில் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு படியையும் தனியறையில் ஓட்டலாம். பட்டியலில் சொன்ன கோப்புகள் மட்டும் உள்ளே இருக்கும். சமையல்காரரைப் பூட்டிய அறையில் விட்டு, பட்டியலில் இருந்ததை மட்டும் ஜன்னல் வழியாகக் கொடுப்பதுபோல. பருப்பு ஊறவில்லை என்பது திருவிழா அன்று தெரியாமல், ஒத்திகையின் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த ஒழுங்குக்கு ஒரு பெரிய பலனும் உண்டு. ஒரு படிக்குள் என்னென்ன போகிறது என்று முழுசாகத் தெரிந்தால், அவற்றின் ஹேஷைச் சேர்த்து ஓர் அடையாளமாக்கி, வந்த விளைவை அதன் பெயரில் சேமித்து வைக்கலாம். இந்தச் சேமிப்புக்குப் பெயர் கேஷ். அதே பொருள்களோடு அதே படியை இன்னொருவர் ஓட்டினால் மறுபடி செய்யாமல் எடுத்துக் கொடுத்துவிடலாம். பட்டியல் பொய் சொன்னால் கேஷும் தப்பான பொருளைக் கொடுக்கும். அதனால்தான் சொல்லாமல் விட்ட ஒரு சார்பு பெரிய திட்டத்தில் ஒருவரோடு நிற்காமல் எல்லோரையும் இழுத்துவிடுகிறது.

உங்கள் திட்டம் அவ்வளவு பெரியதில்லை என்றால் பேசல் தேவையில்லை. தினமும் ஒரு தடவை, எதுவுமே நிறுவாத வெற்றுச் சூழலில் பட்டியலை மட்டும் வைத்துப் பில்ட் ஓட்டிப் பாருங்கள். பதிப்புகளை வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக ஏற்றாமல், ஒவ்வொன்றாக, அடிக்கடி ஏற்றுங்கள். உடைந்தால் எது உடைத்தது என்று தெரியும்.

தம்பி பில்லோவைப் பட்டியலில் பதிப்போடு எழுதி அனுப்பினான், சர்வரில் பில்ட் முடிந்தது. கிளம்புமுன், திட்டத்தின் இணையப்பக்கப் பகுதியில் எத்தனை சார்பு என்று கேட்டேன். ஒன்பது என்றான், அவன் எழுதியது ஒன்பது வரிதான். மறைமுகமானவற்றையும் சேர்த்து மரமாகக் காட்டும் கட்டளையை ஓட்டச் சொன்னேன். திரை நானூறு வரிக்கு மேல் ஓடி நின்றது. விரலால் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே வந்தவன், "இதெல்லாம் யார் எழுதினதுக்கா?" என்றான். அப்புறம் தன் ஒன்பது வரிக்குத் திரும்பி, ஒவ்வொன்றையும் நிரலுக்குள் தேடிப் பார்த்தான். இரண்டை யாருமே கூப்பிடவில்லை. அழித்தான், பில்ட் போட்டான், முடிந்தது. மரத்தில் அறுபது வரிக்கு மேல் குறைந்திருந்தது.